குடும்பத்தோட, நாய்களோட பிக்ஃபுட் தேடிப் போகலாமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இதுதான். வாஷிங்டன் மாநிலத்துல வான்கூவர் ஊர்ல இருக்காங்க, கனடா வான்கூவர் இல்ல, போர்ட்லேண்டுக்கு ஆத்தோட அந்தக் கரையில இருக்கறது. பத்து வயசுல பொண்ணு, ஆறு வயசுல பையன், வீட்ல ஒரு லேப்ரடார், ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். பொண்ணுக்கு பிக்ஃபுட்னா, அதாவது இந்தக் காடுகள்ல இருக்கறதாச் சொல்லப்படற, உடம்பு பூரா முடி வச்ச பெரிய குரங்கு மனுஷன்னா, உயிர். நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் லீவுல கிஃபர்ட் பின்ஷோ நேஷனல் ஃபாரஸ்ட் காட்டுக்குள்ள மூணு நாள் கேம்ப் போட்டு தேடலாம்னு இருக்காங்க, நாய்களை அவுத்து விட்டா மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்குமா, பிக்ஃபுட் குழந்தைகளை ஏதாவது பண்ணிடுமான்னு கேட்டிருக்காங்க. கீழ பதில் சொன்னவங்க எல்லாரும் பிக்ஃபுட் இருக்கா இல்லையான்னே சண்டை போட்டுட்டு இருக்கீங்க. அவர் கேட்டது அது இல்லையே. சின்னப் பசங்களையும் நாய்களையும் கூட்டிட்டுப் போய் பத்திரமா திரும்பி வர முடியுமா, நாய் மூக்கு இதுக்கு உதவுமா, அங்க எதையாவது பாத்தா அது என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது, இந்த மூணும்தான் கேள்வி.

நான் காட்டுயிர் ஆராய்ச்சி படிச்சவங்க கூட்டத்துல ஒரு ஆள், கேஸ்கேட் மலைப்பக்கம் கேமரா ட்ராப் (விலங்கு வந்தா தானா படம் எடுக்கற கேமரா) வைக்கிறது, தடம் பாக்கிறது, மலம் முடி சேகரிக்கிறதுதான் பல வருஷமா வேலை, காணாமப் போனவங்களைத் தேடற வாலண்டியர் குழுலயும் இருக்கேன். அந்த ரெண்டு அனுபவத்துல இருந்தும் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்: கண்டிப்பா போங்க, ஆனா நவம்பர்ல போகாதீங்க. 2024 டிசம்பர்ல போர்ட்லேண்ட்ல இருந்து ரெண்டு பேர் இதே காட்டுக்கு சாஸ்குவாட்ச் (பிக்ஃபுட்டோட இன்னொரு பேர்) தேடிப் போனாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீடு திரும்பியிருக்கணும், திரும்பல. ஸ்கமேனியா கவுண்டி ஷெரிஃப் ஆபீஸும் அறுபதுக்கு மேல வாலண்டியர்களும் பனியில, வெள்ளம் ஏறின ஓடைகளுக்கு நடுவுல மூணு நாள் தேடினாங்க, ரெண்டு பேரையும் பிணமாத்தான் கண்டெடுத்தாங்க. குளிர்ல மாட்டினதுதான் காரணமாத் தெரியுது, அந்த வானிலைக்கு ஏத்த தயாரிப்பு இல்லைன்னு ஷெரிஃப் ஆபீஸ் சொன்னாங்க. ரெண்டு பேருமே வளர்ந்த ஆம்பளைங்க. உங்க பையனுக்கு ஆறு வயசு.

நம்ம ஊர்ல வளர்ந்தவங்களுக்கு குளிர்னா பனி, மைனஸ் டிகிரின்னுதான் தோணும். இங்க ஆளைக் கொல்றது பெரும்பாலும் 4, 5 டிகிரியில விடாம பெய்யற மழைதான், ஜீன்ஸும் காட்டன் டிஷர்ட்டும் நனைஞ்சா காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டே இருக்கும், காத்தும் சேந்தா ரெண்டு மூணு மணி நேரத்துல நிலைமை கை மீறிடும். குழந்தைங்க உடம்பு சின்னது, பெரியவங்களை விட சீக்கிரம் சூடு இழக்கும். நடுங்கறது நின்னுட்டு, பேச்சு குழறி, நடை தள்ளாடி, "எனக்கு ஒண்ணும் இல்ல, குளிரல"ன்னு ஒரு குழந்தை சொன்னா அதுதான் ரொம்ப ஆபத்தான கட்டம், உடனே ஈரத்துணிய கழட்டி, உலர்ந்த கம்பளித் துணியோ ஃப்ளீஸோ போட்டு, ஸ்லீப்பிங் பேக்ல உங்க உடம்போட சேத்து வைக்கணும். கோடைன்னாலும் மலை மேல ராத்திரி குளிரும், அதனால ஆளுக்கு ஒரு ரெயின் ஜாக்கெட்டும் ஒரு செட் உலர்ந்த துணியும் பிளாஸ்டிக் பையில கட்டி தனியா இருக்கணும்.

இன்னொண்ணு, கார். போன்ல மேப் காட்டுதேன்னு காட்டு ரோட்டுல ஏறிடாதீங்க. 2006 நவம்பர்ல தெற்கு ஓரிகன்ல ரெண்டு சின்னக் குழந்தைகளோட போன ஒரு குடும்பம் அப்படி ஒரு மலை ரோட்டுல பனியில மாட்டிக்கிட்டாங்க, ஒரு வாரம் கார்லயே இருந்தாங்க, அப்பா உதவி தேடி நடந்து போனவர் குளிர்ல இறந்துட்டார், காரோட இருந்த அம்மாவும் குழந்தைகளும் காப்பாத்தப்பட்டாங்க. தேடற வேலையில நாங்க எல்லாருக்கும் சொல்ற விதி அதான், மாட்டிக்கிட்டா காரை விட்டு நகராதீங்க, மேலேந்து பாத்தா மனுஷனை விட கார் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். கிஃபர்ட் பின்ஷோல உயரமான ரோடுகள்ல ஜூன் வரைக்கும் பனி கிடக்கும், அதனால ஜூலை கடைசில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும்தான் உங்களுக்குத் தோதான காலம். காட்டுத்தீ புகை மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. உள்ள பெரும்பாலான இடத்துல சிக்னல் கிடையாது, சிக்னல் இல்லாத இடத்துலயும் செய்தி அனுப்பற சாட்டிலைட் மெசஞ்சர் ஒண்ணு வாடகைக்காவது எடுங்க, எந்த நம்பர் ரோடு, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு ஊர்ல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

இப்ப நாய் விஷயம், இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். நாய் மூக்கை வச்சு அரிய விலங்கைத் தேடறது நிஜமாவே நடக்கற வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல சாமுவேல் வாஸர்ங்கற விஞ்ஞானி 1997ல இதுக்குன்னே நாய்களைப் பழக்க ஆரம்பிச்சார், பந்துன்னா வெறியா இருக்கற நாய்களா பாத்து ஷெல்டர்ல இருந்து எடுப்பாங்க. டக்கர்னு ஒரு கறுப்பு லேப்ரடார் கலப்பு நாய் படகு முனையில நின்னுக்கிட்டு கடல்ல மிதக்கற ஓர்க்கா திமிங்கலத்து மலத்தைக் காத்துல மோந்து வழி காட்டுச்சு. ஆனா அந்தப் பயிற்சி எப்படின்னு பாருங்க: முதல்ல கண்டிப்பா அந்த விலங்கோடதுதான்னு உறுதியான ஒரு மாதிரி வேணும், அதை நாய்க்கு மோக்கக் குடுத்து, அந்த வாசனையைக் கண்டுபிடிச்சா உடனே பந்து, திரும்பத் திரும்ப. பிக்ஃபுட் விஷயத்துல அந்த முதல் மாதிரியே உலகத்துல யார்கிட்டயும் கிடையாது. அதனால பிக்ஃபுட்டைத் தேடற நாய்னு ஒண்ணைப் பழக்கவே முடியாது, யாராவது அப்படிச் சொல்லிக் காசு கேட்டா நம்பாதீங்க.

அப்ப பழகாத வீட்டு நாய் காட்டுல என்ன சொல்லும்? "இங்க ஏதோ இருக்கு"ன்னு சொல்லும், அது சத்தியம். முதுகு முடி சிலிர்த்து, உறுமி, உங்க காலுக்கு நடுவுல வந்து ஒட்டிக்கிச்சுன்னா பக்கத்துல ஏதோ ஒண்ணு வந்து போயிருக்கு, அது பொய்யில்ல. என்னதுன்னு மட்டும் அதால சொல்ல முடியாது. பிக்ஃபுட் அனுபவக் கதைகள்ல "எங்க நாய் அன்னைக்கு மாதிரி பயந்ததே இல்ல"ன்னு அடிக்கடி வரும், அதைச் சொல்றவங்க உண்மையைத்தான் சொல்றாங்க, ஆனா கரடி வாசனைக்கும் கூகர் (மலைச் சிங்கம்) வாசனைக்கும் வீட்டு நாய் அப்படியேதான் பயப்படும். இதை நீங்க உபயோகப்படுத்திக்க ஒரு வழி இருக்கு. நாய் அப்படி நின்ன உடனே நேரம், காத்து எந்தப் பக்கத்துல இருந்து வீசுது, நாய் எந்தப் பக்கம் மூக்கைத் தூக்குச்சு, இதைப் பொண்ணை ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. ராத்திரி யாரும் போய்ப் பாக்கக் கூடாது. மறுநாள் நல்ல வெளிச்சத்துல எல்லாரும் சேந்து, சத்தமா பேசிக்கிட்டே அந்தப் பக்கம் போய் தடம், முடி, மலம், மரத்துல உரசின அடையாளம் இருக்கான்னு பாருங்க, நாங்க வேலையில செய்யறதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஆனா லீஷை (நாயைப் பிடிச்சுக்கற கயிறை) அவுக்காதீங்க, இதுல விட்டுக்குடுக்கற பேச்சே இல்லை. அவுத்து விட்ட நாய் கரடியைப் பாத்து குரைச்சுக்கிட்டு ஓடும், கரடி திருப்பித் துரத்தினா நாய் எங்க ஓடி வரும்? உங்ககிட்டதான், பின்னாடியே கரடியும் வரும். ஸ்டீஃபன் ஹெரேரோன்னு கனடாவுல கரடித் தாக்குதல்களை வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணினவர், 2010ல இருந்து 2014 வரைக்கும் நடந்த கருங்கரடித் தாக்குதல்களை எடுத்துப் பாத்தப்ப பாதிக்கு மேல நாய் சம்பந்தப்பட்டிருந்துச்சு, அதுலயும் பெரும்பாலும் அவுத்து விட்ட நாய்ங்க. முள்ளம்பன்றிகிட்ட மூக்கை நீட்டி வாய் நிறைய முள்ளோட வந்து நிக்கிற நாய்ங்களையும் பாத்திருக்கேன், கால்நடை டாக்டர் ரெண்டு மணி நேர தூரத்துல இருப்பார். செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைப் பக்கம் போனா கல்லு கூர்மையா இருக்கும், பாதத்துக்கு பூட்ஸ் போடுங்க. ஏப் கேவ் குகைக்குள்ள நாயை விடமாட்டாங்க, மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவுல கிட்டத்தட்ட எந்த ட்ரெயில்லயும் நாய்க்கு அனுமதி கிடையாது, அதனால நீங்க குகையை விட்டுட்டு, கிஃபர்ட் பின்ஷோ நேஷனல் ஃபாரஸ்ட் நிலத்துக்குள்ளயே இருக்கற மாதிரி இடம் பாத்துக்கோங்க.

இந்தப் பக்கத்துல மட்டும் இருக்கற ஒரு ஆபத்து, வேற ஊர்ல இருந்து குடிவந்தவங்க நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஆத்தோரம் செத்துக் கிடக்கற சால்மனையோ ட்ரவுட்டையோ நாய் பச்சையாத் தின்னா, அந்த மீன்ல இருக்கற ஒரு புழு வழியா நியோரிக்கெட்ஸியாங்கற பாக்டீரியா உள்ள போகும். சால்மன் பாய்சனிங்னு சொல்வாங்க. தின்ன அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, சுமார் ஒரு வாரம் கழிச்சு காய்ச்சல், வாந்தி, பேதி, கழுத்துல நெறி கட்டறதுன்னு ஆரம்பிக்கும், வைத்தியம் பண்ணலைன்னா பெரும்பாலான நாய்ங்க செத்துடும், ஆனா சீக்கிரம் கொண்டு போனா ஆன்டிபயாட்டிக்ல நல்லாவே குணமாகும். நான் கால்நடை டாக்டர் இல்லை, மருந்து அளவெல்லாம் அவங்கதான் சொல்லணும், ஆனா "போன வாரம் ஆத்துப் பக்கம் கேம்ப் போனோம், மீன் தின்னிருக்கலாம்"ங்கற ஒரு வரியை நீங்க சொன்னாதான் அவங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். லேப்ரடார்ங்க கண்டதையும் தின்னும், அதனால சொல்றேன்.

சரி, பிக்ஃபுட் குழந்தைகளை ஏதாவது பண்ணிடுமான்னு கேட்டதுக்கு. பிக்ஃபுட் ஒரு மனுஷனைத் தாக்கினதா நிரூபிக்கப்பட்ட சம்பவம் ஒண்ணுகூட கிடையாது. 1924ல செயின்ட் ஹெலன்ஸ் மலைகிட்ட சுரங்க வேலை பாத்தவங்க சிலர், ராத்திரி பூரா குரங்கு மனுஷங்க கேபின் மேல கல்லெறிஞ்சாங்கன்னு சொன்னது இருக்கு, அது அவங்க சொன்ன கதை, அவ்வளவுதான். நிஜமா அங்க இருக்கறது கருங்கரடியும் கூகரும். அதுக்காகவும் ரொம்பப் பயப்பட வேண்டாம்: வாஷிங்டன்ல கருங்கரடி மனுஷனைக் கொன்னதா பதிவானது 1974ல ஒரே ஒரு தடவை, கூகர் 2018ல ஒருத்தரைக் கொன்னப்ப அதுக்கு முந்தினது 1924ல. ஆனா கூகர் சின்ன உருவத்தையும் ஓடற உருவத்தையும்தான் குறி வைக்கும், அதனால பையன் எப்பவும் ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல நடக்கணும், கூகரைப் பாத்தா ஓடாம அவனைத் தூக்கிக்கிட்டு, உங்களைப் பெரிசாக் காட்டி, சத்தம் போட்டுக்கிட்டே மெதுவா பின்வாங்கணும். பேர் ஸ்ப்ரே (கரடியை விரட்டற மிளகாய் ஸ்ப்ரே) பைக்குள்ள இருந்தா பிரயோஜனமில்ல, இடுப்புல தொங்கணும்.

கரடியை விட நான் பயப்படறது துப்பாக்கிக்கு. ஆகஸ்ட்ல இருந்தே கரடி வேட்டை சீசன், அக்டோபர்ல மான், நவம்பர்ல எல்க் (பெரிய மான் வகை). குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் பளிச்சுன்னு ஆரஞ்சு வெஸ்ட் போடுங்க, பிரவுன் கலர் முடி வச்ச ஜாக்கெட், பிக்ஃபுட் டிரெஸ்லாம் வேடிக்கைக்குக்கூட காட்டுக்குள்ள வேண்டாம். ஸ்கமேனியா கவுண்டில 1969லயே சாஸ்குவாட்சைக் கொன்னா 10,000 டாலர் வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் போட்டாங்க. பிக்ஃபுட் வேட்டைன்னு துப்பாக்கியோட ஆளுங்க அலைய ஆரம்பிச்சதும், யாரையாவது தப்பா சுட்டுடுவாங்களோன்னு பயந்ததும் அதுக்கு ஒரு காரணம். 2012ல மொன்டானாவுல மத்தவங்களை ஏமாத்த உடம்பு பூரா மறைக்கற உடை போட்டுக்கிட்டு ராத்திரி ஹைவேல நின்ன ஒருத்தர் கார்ல அடிபட்டு இறந்தே போனார்.

இருக்கா இல்லையாங்கறதுக்கு நான் சொல்லக்கூடியது இது. உறுதியாத் தெரிஞ்சதை முதல்ல சொல்றேன். 1958ல கலிஃபோர்னியா பிளஃப் க்ரீக்ல புல்டோசர் ஓட்டின ஜெர்ரி க்ரூ பெரிய தடங்களை அச்செடுத்துக் காட்டினதுலதான் இந்தப் பேரே பரவுச்சு, அங்க கான்ட்ராக்டரா இருந்த ரே வாலஸ் 2002ல இறந்ததும் அவர் குடும்பமே மரக்கட்டையில செஞ்ச பாதங்களை எடுத்துக் காட்டினாங்க. 1976ல பிக்ஃபுட் தேடின பீட்டர் பர்ன்ங்கறவர் எஃப்பிஐக்கு (அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பு) அனுப்பின முடி மான் குடும்பத்து முடின்னு பதில் வந்துச்சு, அந்த ஃபைல் 2019ல பொதுவுல வந்துச்சு. 2014ல ஆக்ஸ்ஃபோர்ட் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் பல நாட்டுல இருந்து வந்த முடிகளை டிஎன்ஏ பாத்தப்ப, அமெரிக்காவுல இருந்து வந்ததெல்லாம் கரடி, குதிரை, மாடு, நாய் வகை, முள்ளம்பன்றி, மனுஷன்னு தெரிஞ்ச விலங்காத்தான் வந்துச்சு. நீங்க போகப் போற காட்டுலயே ஸ்கூக்கம் மெடோன்னு ஒரு இடம், 2000ல அங்க சேத்துல ஏதோ பெரிய உடம்பு படுத்து எழுந்த அச்சு எடுத்தாங்க, பிக்ஃபுட்னு சிலர் இன்னும் சொல்றாங்க, எல்க் படுத்து எழுந்த அச்சுன்னு பாத்தா முழங்கால் இடமெல்லாம் பொருந்துது, நான் எல்க் பக்கம்தான்.

சந்தேகத்துல இருக்கறதுன்னா 1967 அக்டோபர் 20ல பேட்டர்சனும் கிம்லினும் எடுத்த, பிக்ஃபுட் மாதிரி ஒரு உருவம் நடந்து போறதைக் காட்டற, ஒரு நிமிஷத்துக்கும் குறைவான ஃபிலிம். நடையை வச்சு மனுஷனால இப்படி நடக்க முடியாதுன்னு சொல்றவங்க கணக்கு எல்லாமே கேமரா ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ல ஓடுச்சுங்கறதை நம்பி நிக்குது, அந்த வேகத்தையே யாரும் குறிச்சு வைக்கலை. அதை வச்சு இருக்குன்னும் நிரூபிக்க முடியாது, இன்னார்தான் பிக்ஃபுட் டிரெஸ்ஸுக்குள்ள இருந்தார்னும் எல்லாரையும் ஒத்துக்க வைக்க முடியாது. பழங்குடி மக்கள்கிட்ட இந்தக் கதைகள் வெள்ளைக்காரங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, அது அவங்க நம்பிக்கை, மரியாதையாக் கேக்க வேண்டியது, ஆய்வுக்கூட சாட்சியா அதை நான் எடை போடறதில்ல.

எனக்கு நம்பிக்கை இல்லாமப் போனது வுல்வரின்னாலதான். நீர்நாய் குடும்பத்தைச் சேந்த ஒரு விலங்கு, இந்த மாநிலத்துல மொத்தமாவே ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு, மனுஷன் போகாத உயரத்துல பனியில வாழும். ஆனாலும் கேமராவுல மாட்டுது, இறைச்சியை உயரக் கட்டித் தொங்கவிட்டு அது எட்டிப் பிடிக்கறப்ப நெஞ்சுல இருக்கற வெள்ளைப் புள்ளிய படம் எடுத்து ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடையாளம் வச்சுக்கறாங்க, கம்பிப் பிரஷ்ல மாட்டற முடில டிஎன்ஏ எடுக்கறாங்க. 2020ல மவுண்ட் ரெய்னியர்ல ஒரு அம்மாவும் ரெண்டு குட்டியும், நூறு வருஷத்துக்கு மேல அங்க இல்லாத விலங்கு, தெரிஞ்சுபோச்சு. அவ்ளோ கொஞ்சமா இருக்கற நாப்பது பவுண்டுக்குள்ள இருக்கற விலங்கே தப்பிக்கலைன்னா, தலைமுறை தலைமுறையாக் குட்டி போட்டு வாழ நூத்துக்கணக்குல இருக்க வேண்டிய எட்டடி விலங்கு ஒரு எலும்பு, ஒரு பல், ஒரு தெளிவான முடிகூட விடாம இருக்கும்னு எனக்குத் தோணலை. அதுக்காக பாத்தேன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லமாட்டேன். 2009ல வந்த ஒரு ஆய்வு பிக்ஃபுட் பாத்த இடங்களையும் கருங்கரடி வாழற இடங்களையும் கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுச்சு, ரெண்டும் ரொம்ப ஒத்துப்போச்சு. கரடி பின்னங்கால்ல எழுந்து நிக்கும், நாலு அடி நடக்கவும் செய்யும், சாயங்கால வெளிச்சத்துல மரத்துக்கு நடுவுல அதைப் பாத்தா யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

தடம் கிடைச்சா பொண்ணுக்கு இதைச் சொல்லிக் குடுங்க. கரடி நடக்கறப்ப முன்னங்கால் வச்ச இடத்துலயே பின்னங்கால் பாதி ஏறி விழும், ரெண்டும் சேந்து நீளமா ஒரே மனுஷப் பாதம் மாதிரி தெரியும். விரலைப் பாருங்க: மனுஷனுக்குப் பெரிய விரல் உள்பக்கம், கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். நகக்கீறல் விரலுக்கு முன்னாடி இருக்கான்னு பாருங்க. ஒரு தடத்தை வச்சு எதுவும் முடிவு பண்ணக் கூடாது, வரிசையா நாலஞ்சு வேணும், பக்கத்துல ஸ்கேல் வச்சு நேர் மேலேந்து போட்டோ, காலைல வெயில் சாய்வா விழறப்ப எடுத்தா ஆழம் நல்லாத் தெரியும். முடி கிடைச்சா கையால தொடாம ட்வீசர்ல எடுத்து பேப்பர் கவர்ல போடுங்க, பிளாஸ்டிக்ல போட்டா ஈரத்துல கெட்டுடும். ராத்திரி கத்தல் கேட்டா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, செப்டம்பர்ல எல்க் கூவறது, நரி கத்தறது, கூகர் இணை தேடறப்ப கத்தறது, பார்டு (barred) ஆந்தைன்னு ஒரு ஆந்தை அலறறது, இதுல எதைக் கேட்டாலும் முதல் தடவை கேக்கறவங்களுக்கு வயிறு கலங்கும். மரத்தைத் தட்டற சத்தம் கேட்டா அது உங்களை மாதிரியே தேடி வந்த வேற ஆளுங்களாவும் இருக்கலாம், அந்தப் பக்கம் அது சகஜம்.

ரெண்டு குழந்தைகளுக்கும் கழுத்துல விசில் மாட்டுங்க, வழி தவறினா அங்கயே ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூணு மூணா ஊதணும், நகரவே கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடறவங்க தெரியாத ஆளா இருந்தாலும் பதில் குடுக்கணும்னு வீட்லயே பழக்குங்க. தேடற குழு கூப்பிடறப்ப தெரியாத ஆளுன்னு பயந்து சின்னக் குழந்தைங்க புதருக்குள்ள ஒளிஞ்சுக்கறது அடிக்கடி நடக்கும்.

பொண்ணுகிட்ட க்ரோவர் க்ரான்ட்ஸ் பத்திச் சொல்லுங்க. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல மானுடவியல் பேராசிரியர், மத்தவங்க என்ன சொன்னாலும் கவலைப்படாம பிக்ஃபுட்டை ஆராய்ச்சி பண்ணினார், நான் அவர் முடிவை ஏத்துக்கலை ஆனா அந்தத் தைரியத்தை ரொம்ப மதிக்கறேன். ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் நாய்ங்க மேல அவருக்கு உயிர். 2002ல இறந்தப்ப தன் எலும்பை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் குடுத்தார், நாய்களையும் கூட வைக்கணும்னு கேட்டுக்கிட்டார், 2009ல அவர் எலும்புக்கூடும் க்ளைடுங்கற அவர் நாயோட எலும்புக்கூடும் கட்டிப் பிடிச்ச மாதிரியே காட்சிக்கு வச்சாங்க.

தேங்க்ஸ்கிவிங் லீவை வேணா பகல்ல ஊர் பக்கத்து ட்ரெயில்ல தடம் பாத்துப் பழகறதுக்கு வச்சுக்கோங்க, அப்பவும் ஆரஞ்சு வெஸ்ட் உண்டு. கோடைக்கு எந்த நம்பர் ரோட்டுல கேம்ப் போடலாம்னு முடிவு பண்ணினதும் கீழ எழுதுங்க, அங்க பனி எப்ப விடும், நாய்களுக்குக் குடிக்கற தண்ணி பக்கத்துல இருக்கா, அந்த ரோட்டுல உங்க கார் ஏறுமான்னு பாத்துச் சொல்றேன்.